வள்ளத்துக்கும் டக்ளஸ்

எங்கள் பழைய மீன்பிடி வள்ளம் கடலில் கவிழ்ந்த அன்று, தத்தளித்த என் கணவரைக் கயிறு வீசித் தூக்கியவர், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்த சரக்குக் கப்பலின் மாலுமி டக்ளஸ். ஸ்காட்லாந்துக்காரர். அடுத்த மாதம் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரை வைத்தோம். பிறகு கட்டிய வீட்டுக்கும் அதுவே.

புது வள்ளத்துக்கும் அதையே எழுத நினைத்தபோது என் நாத்தனார் சிரித்தாள்.

"ஏளா, புனிதர் பேரெல்லாம் தீந்துபோச்சோ? போன்ல பாத்தேன், டக்ளஸ்னா கறுத்த தண்ணின்னு அர்த்தமாம். வள்ளத்துக்கு ஆகுமா?"

பயந்துவிட்டேன். கணவரைக் கேட்காமலே அந்தோணியார் பெயரை எழுதவைத்தேன்.

வள்ளத்தைச் செபம் சொல்லி மந்திரிக்கப் பாதிரியார் வந்த காலையில்தான் கணவர் அதைப் பார்த்தார்.

"ஏளா, என்னயத் தூக்குனவரு பேரு எங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

பெயிண்ட் டப்பாவைத் திறந்து, அந்தோணியாருக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், டக்ளஸ் என்று நானே எழுதினேன்.

"ஏளா, கறுத்த தண்ணி!" என்றாள் நாத்தனார்.

"அந்தத் தண்ணியிலருந்துதான் மைனி உங்க தம்பியத் தூக்குனாரு. சாமி, நீங்க மந்திரிங்க."

எழுத்து கோணல்தான். அழிக்கச் சொல்லி ஊரில் இன்றும் கேட்கிறார்கள், முடியாது என்கிறேன். நன்றி சொல்லக்கூட அடுத்தவர் பேச்சுக்குப் பயந்து அந்தப் பெயரை விட்டேனே, அந்த ஒரு நாளை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.