மூலை வெட்டும் பஞ்ச்

என் மகளுக்குக் காகிதத்தில் பூ வெட்டும் பஞ்ச் வேண்டுமாம். போனில் தேடினால் நாற்பது ஐம்பது வகை வந்து நிற்கிறது. ஒவ்வொன்றின் கீழும் ஊர் பேர் தெரியாதவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் அவர்களை நம்புவதில்லை. மகளின் கைவேலை நோட்டிலிருந்து கெட்டி அட்டை ஒன்றை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போன வாரம் நாமக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

"பஞ்ச் வாங்கறதுக்கு அட்டை எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கேட்டார். பஞ்ச் வாங்க எனக்கு ஒரு முறை உண்டு, என் அத்தையிடமிருந்து வந்தது. அவள் எனக்கு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள் என்று நினைக்க வேண்டாம். பத்து வயதில் என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் செய்தாள். பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளை சுத்த மக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால். அத்தை என்றால் அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு, கோயம்புத்தூரில் மேலே படிக்க விண்ணப்பம் போட்டிருந்தாள். அந்தச் சமயம் பார்த்துத் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து சம்பந்தம் வந்தது. போர்வெல் போடும் ரிக் லாரி இரண்டு ஓடுகிற குடும்பம். மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் கிடையாது, ஜாதகமும் பொருந்திவிட்டது. ஆனி மாதத்திலேயே முடித்துவிட வேண்டும் என்று அவர்கள் அவசரப்பட்டார்கள்.

அத்தை ஒரே ஒருமுறை வாயைத் திறந்தாள். "படிச்சு முடிச்சுட்டுப் பண்ணிக்கறேனுங்கண்ணா."

"கண்ணாலத்தப் பண்ணிட்டுப் படி. ஆரு வேண்டாங்கறா?" என்றார் அப்பா. அப்படிக் கல்யாணம் பண்ணிவிட்டுப் படித்தவள் எங்கள் சொந்தத்தில் ஒருத்தியும் இல்லை. அப்பாவுக்கும் அது தெரியும். ஆனாலும் நியாயமான பதிலைச் சொல்லிவிட்ட திருப்தியோடு கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அத்தை தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் வாசலில் நிற்பாள். "எனக்கு லெட்டர் ஏதும் வந்துச்சுங்களா?" என்று கேட்பாள். இல்லை என்றதும் முகம் வாடிப்போகும். மாப்பிள்ளை காதல் கடிதம் போடுகிறார் என்று நான் முடிவுகட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் ரகசியமாகச் சொல்லியும் வைத்தேன்.

பத்திரிகை அடிக்க அப்பா அச்சகத்திலிருந்து மாதிரி அட்டைகள் கொண்டுவந்தார். "எது நல்லா இருக்குது, நீயே சொல்லு அம்மிணி" என்றார். "எதா இருந்தா என்னுங்க" என்றாள் அத்தை. கடைசியில் அப்பாவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சந்தன நிறத்தில், ஓரத்தில் தங்கக் கோடு போட்ட கெட்டி அட்டை.

இதற்கு நடுவில் எனக்கும் ஒரு கவலை இருந்தது. கோடை விடுமுறைக்குப் பள்ளியில் ஸ்கிராப் புக் செய்யச் சொல்லியிருந்தார்கள். பெரிய நோட்டில் படங்களை வெட்டி ஒட்டி அலங்காரம் செய்ய வேண்டும். வகுப்பில் ஒருத்தி வண்ணத்துப்பூச்சி வெட்டும் பஞ்ச் வைத்திருந்தாள். அதே மாதிரி எனக்கும் வேண்டும் என்று நான் வீட்டில் யார் காலைக் கட்டிக்கொண்டு அழுதும் பலிக்கவில்லை. கல்யாண வீட்டில் யாருக்கு நேரம்? அத்தைதான் ஒருநாள், "எந்திரி சாமி, நாமக்கல் போயிட்டு வரலாம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினார். இடுக்கி மாதிரி ஒன்று, பஸ் கண்டக்டர் கையில் இருப்பது போல ஒற்றை ஓட்டை போடும். பூ, நட்சத்திரம், இலை, எல்லாம் இருந்தன. நான் கேட்ட வண்ணத்துப்பூச்சியும் இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அத்தை அவசரப்படவில்லை. கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தாள்.

"சொந்தமா அட்டை கொண்டாந்தவிங்க உங்களத்தானுங்க மொதல்ல பாக்கறேன்" என்று கடைக்காரர் சிரித்தார்.

"எந்தக் காகிதத்துல வெட்டப் போறமோ அதுலதானுங்களே குத்திப் பாக்கோணும்? உங்க நோட்டுக் காகிதத்துல எல்லாமே நல்லாத்தான் வெட்டும்" என்றாள் அத்தை.

வண்ணத்துப்பூச்சி அந்த அட்டையைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கடைக்காரர் ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். ஒரு சிறகு பிய்ந்து வந்தது. பூவுக்கும் அதே கதி. இடுக்கி நன்றாக ஓட்டை போட்டது. ஆனால் என் கைக்கு அமுங்கவில்லை. "உன்ற கையில அமுங்கோணும். நீதான அமுக்கப் போறே?" என்று அத்தை அதை ஒதுக்கிவிட்டாள். கடைசியாக ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒன்றைக் காட்டி, அது என்ன என்றாள். "அது மூலை வெட்டறதுங்க. கூர்மூலையை வளைவாக்கித் தரும். ஆரும் வாங்கறதில்லைங்க."

அதில் அட்டையின் மூலையைச் செருகி என்னை அமுக்கச் சொன்னாள். க்ளக். நகம் அளவுத் துண்டு கீழே விழுந்தது. மூலை அழகாக உருண்டுவிட்டது. பஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, காகிதம் சரியாக உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து வெட்டவும் காட்டித் தந்தாள். நான்கு மூலையும் நானே வெட்டினேன்.

"இதையே குடுத்துருங்க" என்றாள்.

எனக்கு அழுகை முட்டியது. மூலை வெட்டுவதை வைத்து என்ன செய்வது? "கெட்டி அட்டையில வெட்டிப் பாரு சாமி, அப்பத்தான் அழகு தெரியும்" என்று பஸ்ஸில் சமாதானம் சொன்னாள். அவள் கைப்பையிலிருந்த அட்டையில் தங்கக் கோடு இருந்ததை நான் பார்த்தேன். நல்ல அட்டை என்று மட்டும் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் பத்திரிகைக் கட்டு வந்தபோதும் அதேதான் நினைத்தேன், அட இதுவும் நல்ல அட்டை என்று.

நல்ல நாள் பார்த்து அம்மா பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவினாள். நான்கு மூலையிலும் விரலால் தொட்டு வைத்து, கூடத்தில் பாய் விரித்துக் காயப் போட்டாள். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கென்று எடுத்துச் சாமி அறையில் வைத்தாள். அதனால் அது தப்பியது. சம்பந்தி வீட்டுக்கும் பெரிய தலைக்கட்டுகளுக்கும் உரியவை முன்வரிசையில் இருந்தன. அம்மா சமையலுக்குப் போய்விட்டாள்.

"நான் குளிச்சுட்டு வாரேன். கோழி கீழி வந்து மிதிச்சுறப் போவுது, நீ இங்கயே உக்காந்து பாத்துக்க சாமி" என்றாள் அத்தை. அன்றைக்கு அவள் குளித்த குளியல் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

எதிரே கெட்டி அட்டை. கையில் பஞ்ச். அத்தையின் கல்யாணத்துக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை வேறு. முன்வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். க்ளக், க்ளக். மஞ்சள் பூசிய துண்டுகள் மடியில் விழுந்தன. முப்பது பத்திரிகைக்கு மேல் வெட்டினேன், உள்ளங்கை சிவந்து போகும்வரை. அத்தை தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, அவளே கண்டுபிடித்து அசந்து போகட்டும் என்று துண்டுகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அவ்வளவு பத்திரிகையும் உறைக்குள் போயிருந்தது. அத்தை தனியாக உட்கார்ந்து போட்டிருக்கிறாள். அசந்த மாதிரியே தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. எனக்கு மனசே விட்டுப்போயிற்று. அத்தைக்குக் கண்ணாடி போட வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பாவும் பெரியப்பாவும் வெற்றிலை பாக்குத் தட்டோடு சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள். எங்கள் பக்கம் விளிம்பு போன எதையும் மூளி என்பார்கள். மூளிப் பானையில் பொங்கல்கூட வைக்க மாட்டார்கள். காரியக் கடிதம் வந்தால் படித்த கையோடு கிழித்துப் போடுவது வழக்கம். அதனால் வெட்டுப்பட்ட காகிதம் என்றாலே சாவு ஞாபகம்தான். அப்படிப்பட்ட ஊரில், உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையின் அம்மா உறையைப் பிரித்திருக்கிறார். மஞ்சள் இருக்க வேண்டிய நான்கு இடத்திலும் ஒன்றும் இல்லை.

"மூளிப் பத்திரிகையக் கொண்டாந்து என்ற மடியில போடறீங்களே, இது உங்களுக்கே அடுக்குமாங்க?" என்று கேட்டாராம். சின்னப்பிள்ளை செய்த தப்பு என்று பிறகு அப்பா எத்தனையோ சொல்லிப் பார்த்தார். அவர்கள் மரியாதை குறையாமல், "ஆடி போவட்டும், பாக்கலாமுங்க" என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கு அப்பா வீட்டுக்குள் வந்து நின்ற கோலத்தை என்னால் மறக்க முடியவில்லை. தட்டு கையிலேயே இருந்தது. "ஆருடா இதச் செஞ்சது?" என்றார். நான் பெருமையோடு முன்னால் போய் நின்றேன். அம்மா விட்ட அறையில் காது கொய்ங் என்றது. இரண்டாவது அறை விழுவதற்குள் அத்தை குறுக்கே வந்துவிட்டாள். "உடுங்கண்ணி, புள்ளைக்கு என்ன தெரியும்?" என்று என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் அவள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டதால்தான் அழுகிறாள் என்று எனக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது.

ஓடிப்போய் ஸ்கிராப் புக்கை எடுத்து வந்தேன். மஞ்சள் துண்டுகளையெல்லாம் சூரியகாந்திப் பூவாக ஒட்டி வைத்திருந்தேன். அவற்றைப் பிய்த்து எடுத்து, ஒரு பத்திரிகையின் மூலையில் கோந்து வைத்து ஒட்டத் தொடங்கினேன். "அழுவாதீங்க அத்தை, நான் எல்லாத்தையும் திருப்பி ஒட்டிக் குடுத்தர்றேன்" என்றேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாஞ்சாமி, அது அப்படியே இருக்கட்டும்" என்றாள். கோந்து சரியாக ஒட்டாது என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் கோயம்புத்தூரிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த சம்பந்தம் அமைகிற வரைக்கும் சும்மா இருப்பதற்குப் போய்ப் படிக்கட்டும் என்று அப்பா விட்டுவிட்டார். அத்தை போனாள், படித்தாள். இன்று அங்கேயே ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் என்ன ஆனேன்? எந்த விசேஷத்துக்குப் போனாலும், "கண்ணாலத்த வெட்டுன புள்ள வந்துருச்சு, கத்திரிக்கோல எடுத்து ஒளிச்சு வைங்க" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். என் கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவியபோது என்னை அந்த அறைப்பக்கமே விடவில்லை.

போன வாரம் நாமக்கல் கடையில், கைப்பையைத் திறந்து மகளின் அட்டையை எடுத்து நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. எந்தக் காகிதத்தில் வெட்டப் போகிறோமோ அதில்தான் குத்திப் பார்க்க வேண்டும். அன்றைக்கு அத்தை நீட்டியது தங்கக் கோடு போட்ட அட்டை. இது புரிய இருபது வருஷம் ஆயிற்று எனக்கு. முதலில் வந்தது கோபம்தான், சும்மா சொல்லக் கூடாது. ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கையை அளவெடுத்து வாங்கியிருக்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. அத்தைக்கு போன் போடலாம் என்று எடுத்தேன். என்ன கேட்பது என்று தெரியாமல் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

அவள் படிக்கப் போய் முதல் விடுமுறைக்குத் தீபாவளியன்று ஊருக்கு வந்தது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டு, ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்தாள். பிரித்தால் வண்ணத்துப்பூச்சி பஞ்ச். அப்படியே வாங்கிப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். கல்யாணத்தையே கெடுத்தவளுக்கு யாராவது பரிசு வாங்கி வருவார்களா? பாவம், அத்தைக்கு அது மறந்துபோய்விட்டது போலிருக்கிறது, பேச்சுக் கொடுத்து ஞாபகப்படுத்திவிடக் கூடாது என்று, நன்றிகூடச் சொல்லாமல் ஓடிவிட்டேன்.