சத்தம் போடாத பிள்ளை

எங்கள் வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதில்லை. இருக்கிற ஒற்றை அறையில் என் ஓவர்லாக் தையல் மெஷின் ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனி இரவு பகலாக இரையும். தண்ணீர் வேண்டுமென்றாலும் தொண்டை கிழியக் கத்தித்தான் கேட்க வேண்டும். அதிலேயே வளர்ந்த என் மகள் எல்.கே.ஜி. போனதும் குசுகுசுவென்று பேசுவாளா?

ஒருநாள் மிஸ் கூப்பிட்டனுப்பினார். "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. பாப்பா போடற சத்தத்துல மத்த கொழந்தைங்கெல்லாம் மிரளுதுங்க. இப்படியே போனா டி.சி. வாங்கிக்கச் சொல்லீட்டாங்க பெரிய மேடம்."

அதட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவ்வளவு மரியாதையாகக் கழுத்தை நெரித்தால் என்ன செய்வது? நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளி கிடையாது.

"ஊட்டுல மெஷின் ஓடுதுங்க மிஸ்."

"கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுப் பாருங்களேன்."

நிறுத்தினால் சோறு எங்கிருந்து வரும்? வீட்டுக்கு வந்து மெஷினை ஓட்டினேன்.

அதன்பின் வகுப்பில் அவள் வாய் திறந்தாலே 'ஃபிங்கர் ஆன் லிப்ஸ்'தான். உதட்டில் விரலை வைத்தபடி நிற்க வேண்டும். டி.சி. பயத்தில் நானும் வீட்டில் அதையே பழக்கினேன். சீக்கிரமே மிஸ் அவள் கையில் ஸ்டார் வரைந்து அனுப்பினார். "இப்ப ரொம்ப சமத்துங்க" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அவசர ஆர்டர். தலை நிமிராமல் தைத்து முடித்து, மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினால் பின்னால் நிற்கிறாள். கவுன் நனைந்து, காலடியில் மூத்திரம் தேங்கிக் கிடந்தது. கக்கூஸ் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. மெஷின் ஓடும்போது என்னைத் தொடக்கூடாது என்பது, ஊசிக்குப் பயந்து நான் போட்ட சட்டம். முன்பெல்லாம் தெருவுக்கே கேட்கிற மாதிரி "அம்மா" என்று கத்துவாள். இப்போது ஸ்டார் போட்ட கையின் விரல் உதட்டில் இருந்தது.

"ஏங்கண்ணு, அம்மாவக் கூப்பிடலாமில்ல?"

உதடு அசைந்தது. பக்கத்துக் கம்பெனி இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவளை அப்படியே வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். "கத்து கண்ணு! நம்ம ஊட்டுல கத்து!" என்று நானே கத்தினேன்.

அவள் மிரண்டு வாசலைப் பார்த்தாள். பிறகு அந்த விரலை எடுத்து என் உதட்டில் வைத்தாள்.