மண் கோத்த கயிறு

உக்கிரபாண்டி அண்ணன் என் பெரியப்பா மகன். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இருக்கன்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். வைப்பாற்றில் மணல் அள்ளி, சிவகாசியில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த கம்பெனிகளுக்கு மாட்டு வண்டியில் லோடு கொண்டுபோவார். இந்த மாசியில் இறந்துபோனார். வயது நாற்பத்தாறு.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சுற்று வட்டாரத்தில் யார் கிணறு வெட்டினாலும் இறங்கிப் பார்ப்பார். மண் நிறம் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிடி எடுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிவார். முடிச்சுகளை மேலிருந்து கீழாக அதே வரிசையில் கயிற்றில் கோப்பார். ஒரு கிணற்றுக்கு ஒரு கயிறு. வீட்டுக்குள் குறுக்கு விட்டத்தில் பதினேழு கயிறுகள் தொங்கின. ஊரார் அவற்றைக் கருவாடு என்று கேலி செய்வார்கள்.

நான் சென்னையில் மண்ணியல் படித்து முடித்து, 1961-இல் வேலையில்லாமல் ஊர் திரும்பியிருந்தேன். அண்ணன் ஆசையாகக் கூப்பிட்டுக் கயிறுகளைக் காட்டினார். மேலே கரிசல். அதற்கடியில் சுண்ணாம்பு உருண்டைகள் கலந்த மண். வெகுகாலம் மழை குறைந்து கிடந்ததன் அடையாளம் அது என்று அவரே சொன்னார். அடுத்து, சிப்பி ஓடு கலந்த சேறு. ஒரு காலத்தில் தண்ணீர் தேங்கி நின்ற இடம். அதற்கும் கீழே, மேற்கு மலையிலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வந்த கூழாங்கல்லும் மினுமினுக்கும் மணலும். அந்த மணல் எந்தெந்தக் கிணறுகளில் இருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால், ஆறு முன்பு ஊருக்குத் தெற்கே அரை மைல் தள்ளி ஓடியது தெரிந்தது. எங்கள் பேராசிரியர் மூன்று வருஷம் கற்றுக்கொடுத்ததும் இதைத்தான். அந்த மூன்று வருஷத்தில் நானாக எதையும் கண்டுபிடித்ததில்லை.

அந்தக் கோடையில் ஊர்க்கிணறு வற்றியது. பெண்கள் ஆற்று மணலைத் தோண்டி, ஊற்றில் சிரட்டையால் நீர் மொண்டார்கள். யூனியனில் ஒரே ஒரு கிணற்றுக்கு அனுமதி வந்தது. இடம் குறிக்க ஓவர்சியர் வருவார் என்றும், அண்ணனும் நானும் ஆளுக்கோர் இடம் சொல்லலாம் என்றும் பஞ்சாயத்துத் தலைவர் பெத்தணன் சொல்லிவிட்டார். அண்ணன் தெற்குப் புஞ்சையைச் சொன்னார். ஆற்றின் பழைய தடம் அது, மணலுக்கடியில் நல்ல தண்ணீர் இருக்கும் என்றார். அங்கே இடிந்து கிடந்த பழங்கிணற்றில் எடுத்த கயிறு அவரிடம் இருந்தது. நான் வடக்கு மேட்டைச் சொன்னேன். அண்ணன் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் டீக்கடையில், “படிச்ச புள்ள என்னத்தச் சொல்லப்போவுது, உக்கிரபாண்டி கருவாட்டக் கேளுங்கலே” என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு அண்ணன் சொன்ன இடத்தையே நானும் சொல்ல மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரம் அவர் வீட்டுக்குப் போனேன். வெள்ளைத்தாய் மதினி மோர் கொடுத்துவிட்டு மாட்டைக் கட்டப் போனார். தெற்குப் புஞ்சைக் கயிற்றில் கீழே இருந்த கூழாங்கல் முடிச்சையும் மணல் முடிச்சுக்கு மேலிருந்த வண்டல் முடிச்சையும் அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டினேன். ஓவர்சியர் முன்னால் அவர் உளற வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

மறுநாள் ஊர் கூடியிருந்தது. அண்ணன் கயிற்றை மடியில் போட்டு, அடியிலிருந்து ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்துக் காட்டினார். மூன்றாவது முடிச்சில் அவர் கை நின்றது.

“ஆறு இப்பிடிப் போடாது சார். வெள்ளம் வந்தா மொதல்ல கல்லப் போடும். வேகம் கொறைய மணலப் போடும். வடியும்போதுதான் வண்டல். இது தலைகீளா இருக்கு.”

“யாரு மாத்தினா?” என்றார் ஓவர்சியர்.

அண்ணன் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். நான் வந்துபோனதை மதினி சொல்லியிருப்பார்; அவர் மாட்டைக் கட்டப் போன நேரத்தில் அந்த வீட்டுக்குள் நின்றவன் நான் ஒருவன்தான்.

“நாந்தான் சார். அவசரத்துல மாத்திக் கோத்துட்டேன்.”

ஒன்றை மாற்றிக் கோத்தவர் மற்றதை எப்படிக் கோத்தாரோ என்று ஓவர்சியர் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி என் பட்டத்தைக் கேட்டார். வடக்கு மேட்டில் முளை அடித்தார்கள்.

நாற்பதடி தோண்டினார்கள். களிமண்ணுக்கு அடியில் தண்ணீர் வந்தது. மாடுகூட அதில் வாய் வைக்கவில்லை, அவ்வளவு உப்பு. ஊர்ப் பெண்கள் இன்னொரு கோடையும் ஆற்றுக்கு நடந்தார்கள்.

அண்ணன் யாரையும் எதிர்பார்க்கவில்லை. தெற்குப் புஞ்சையில் தன் பங்கு நிலத்திலேயே வெட்டத் தொடங்கினார். பகலில் மணல் லோடு, சாயங்காலம் மண்வெட்டி. மதினி கூடை கூடையாக மண் சுமந்தார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆனது. முப்பத்திரண்டாம் அடியில் கூழாங்கல் இடுக்கிலிருந்து நல்ல தண்ணீர் பீறிட்டது. ஊரே குடத்தோடு போனது. அண்ணன் என்னிடம் எப்போதும்போலப் பேசினார். என் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வசதியையும் அவர் எனக்குத் தரவில்லை.

கருமாதிக்கு நான் வெளியூரிலிருந்து வந்திருந்தேன். எல்லாரும் கிளம்பிய பிறகு, மதினியிடம் நான் செய்ததைச் சொன்னேன். அவர் இலைகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“தெரியும் தம்பி. அன்னைக்கே சொன்னாக. சின்னப் புள்ளத்தனமா செஞ்சுட்டான், விடுன்னாக. அவுக மறந்துட்டுப் போயிட்டாக.” இலைக்கட்டை ஓரமாக வைத்தார். “அந்தக் கெணத்துல மண்ணு சுமந்தவ நானு. நான் மறக்கல. மறக்கவும் மாட்டேன்.”

குரல் உயரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, போயிட்டு வாங்க என்றும் சொன்னார்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஏழு வருஷம் ஒரு பெண் தன் புருஷனுக்காக ஒரு கோபத்தைக் கெடாமல் வைத்திருக்கிறாள். எனக்காக அப்படிக் கோபப்பட என் வீட்டிலும் யாரும் இல்லை. பஸ் நிறுத்தம் வரும்வரை அதையே நினைத்து, இறந்துபோன அண்ணன் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே நடந்தேன்.