தேவசகாயம் வளர்த்த சாட்சி

தெலுங்கு நாட்டில், உப்பல் பக்கம் ஓர் அரசாங்கத் தொழிற்சாலை வாசலில் பதினெட்டு வருஷம் காவல் பார்த்தவர் தேவசகாயம். ராணுவத்திலிருந்து வந்தவர், ஊர் நாசரேத். டிபன் பாக்ஸில் செம்புக் கம்பியைச் சுருட்டிக் கடத்திய ஒருவனைப் பிடித்த நாளிலிருந்து, யார் கையில் எது இருந்தாலும் அவர் கண்ணை உறுத்தும். மனைவி கனகம் மீன் வாங்கி வந்தால்கூடப் பையைத் தூக்கி எடை பார்ப்பார்.

எழுபத்தொன்றாம் வருஷம் அவர் பார்வையில் விழுந்தவர் ஸ்டோர்ஸ் கிளார்க் பத்மநாபன். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் சட்டைப்பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். ஒருநாள் வாசலில் நிறுத்திப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பொடி விதைகள். மேலே பென்சிலில் ‘அ.சி.2’.

“என்ன சார் இது?”

“கொய்யா விதை. எங்க ஸ்டோர்ஸ் மிஸ்ரா லீவுல ஊருக்குப் போயிட்டுக் கொண்டுவந்த பழம்.”

“கொய்யாவுக்கு எதுக்கு நம்பர்?”

“அலகாபாத் சிவப்பு, ரெண்டாவது பழம். குவார்ட்டர்ஸ்ல கேக்கறவாளுக்குக் குடுக்கறேன். நீங்களும் ஒரு பொட்டலம் வெச்சுக்கோங்கோ.”

சும்மா கொடுக்கிறாராம்! தேவசகாயத்துக்கு அதுதான் இடித்தது. சாயங்காலம் பின்னாலேயே போனார். பஸ் ஸ்டாப்பில் பொட்டலங்கள் கைமாறின. ஒரு தெலுங்கு ஃபிட்டர் சீத்தாப்பழ விதை கொடுத்து நாவல் விதை வாங்கிக்கொண்டான். மறுநாள் அதிகாரியிடம் போய்ச் சொன்னார்.

“கொய்யா விதை கவர்மென்ட் சொத்தா, தேவசகாயம்?” என்று அதிகாரி சிரித்தார்.

அந்தச் சிரிப்பு சுட்டது. அது கொய்யாதானா என்று பார்த்தே தீருவது என்று, பத்மநாபன் கொடுத்த பொட்டலத்தைக் காவல் அறைக்குப் பின்னால் விதைத்தார். ஒரு செடி நின்றது. ஆடு கடிக்காமல் முள்கம்பி கட்டினார். சாப்பாட்டு நேரத்தில் வாளி தூக்கினார். மகளுக்கு ஜுரம் என்று கனகம் ஆள் அனுப்பிய அன்றுகூடத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கிளம்பினார்.

நாலாம் வருஷம் காய்த்தது. கொய்யாதான். அறுத்தால் உள்ளே வெள்ளை. நடுவில் மட்டும் லேசாக ரோஜா நிறம். ஆள் மாட்டிக்கொண்டார் என்று தோன்றியது. அன்றே அறுத்த பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு பத்மநாபனை மறித்தார்.

“சிவப்புன்னுதானே சொன்னீய? இது என்னது?”

பத்மநாபன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். இன்னொன்றுக்குக் கை நீட்டினார்.

“விதை போட்டா தாயை மாதிரியே வருமா என்ன? அதே பழத்து விதை முப்பது வீட்ல மரமா நிக்கறது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லே. எங்க பக்கத்து குவார்ட்டர்ஸ் கிரிஜா ஆத்துல புளிக்கறது. இந்த வாசனை எங்கேயும் இல்லே, சார். விதை தருவேளா?”

தேவசகாயம் தட்டைப் பின்னுக்கு இழுத்தார். “ஓ, இதுக்குத்தானா? நாலு வருசம் என்னைய தண்ணி ஊத்த வச்சிட்டு!”

ஒரு வாரம் யோசித்து, பிறகு கொடுத்தார். அதுவும், யார் யாருக்குப் போகிறது என்று பெயரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் எழுதி வாங்கிக்கொண்டு.

ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் அந்த வீடுகளுக்குப் போவார். மரம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பழம் கேட்டுக் கடித்துப் பார்ப்பார். சிலது அவருடையதைவிட இனித்தது. ஒன்றுகூட அவர் மரத்துப் பழம் போல இல்லை.

“விதைய மாத்தி நட்டுட்டானுவ,” என்று கனகத்திடம் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.