மூன்று பேர் குறைகிறார்கள்

1986 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. மாலை மணி 5.12. காலையிலிருந்து பெய்த மழை நான்கு மணிக்கு ஓய்ந்திருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. காற்று சிறிதும் இல்லை.

நாளும் நேரமும் சொல்லாத பேய்க்கதையை நான் நம்புவதில்லை. ஆகவே அவற்றை முதலில் சொல்லிவிட்டேன். இது பிறர் சொல்லிக் கேட்டதன்று, எனக்கு நடந்தது.

என் பெயர் லாய்ட் பெக்மன். ஓஹையோ மாநிலத்தின் தெற்கே, ஒரு சிற்றூரில், என் தங்கை கணவன் ஹோமருடன் சேர்ந்து பட்டறை நடத்துகிறேன். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி வேலை மட்டும்தான். வேறு எதையும் தொடுவதில்லை.

அந்த நீலக் காரை நான் முதலில் பார்த்தது செப்டம்பர் மாதத்தில். வெர்னா ப்ரூயிட் ஓட்டி வந்தார். கணவரை இழந்தவர், அறுபது வயதைக் கடந்தவர், ரயில் பாதைக்கு அப்பால் தனியாக வாழ்ந்தவர். கார் 1957ஆம் ஆண்டுத் தயாரிப்பு. எட்டு சிலிண்டர், இரண்டே கியர். நாற்பது மைல் வேகத்துக்கு மேல் பட்டுப்போல ஓடும். ஆனால் நின்ற இடத்திலிருந்து நகர்வதற்குள் நம் பொறுமை போய்விடும்.

"பிக்கப் வேணும் தம்பி," என்றார்.

"ரேஸ் விடப் போறீங்களா மிஸஸ் ப்ரூயிட்?" என்றான் ஹோமர்.

"ஆமா. உன் மாமியாரோட. ஊர்ல அவ ஒருத்தியத்தான் என்னால ஜெயிக்க முடியும்."

ஹோமரின் மாமியார் என்றால் என் தாயார். நானும் சிரித்தேன். வெர்னா சிரிக்கவில்லை.

"மேல எவ்ளோ வேகம் போனா எனக்கென்ன? நின்ன எடத்துலருந்து சட்டுனு கெளம்பணும். கிராசிங்ல நின்னுதான் ஆகணும், வேற வழி இல்ல. ஆனா அங்க ரொம்ப நேரம் நிக்கக் கூடாது தம்பி."

அவர் சொன்ன இடத்தை நான் அறிவேன். சாலை சற்றே மேடேறித் தண்டவாளத்தைத் தொடும். வலப்புறம் பாதை வளைந்து செல்வதால் ரயில் கண்ணுக்குத் தெரியாது. காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, காதுகொடுத்துக் கேட்ட பின்புதான் கடக்க முடியும். எச்சரிக்கை விளக்கு இல்லை, தடுப்புக் கம்பம் இல்லை. இரண்டு வெள்ளைப் பலகைகளைப் பெருக்கல் குறிபோல் அறைந்த ஒரு கம்பம் மட்டும் உண்டு.

விளக்கு கேட்டு வெர்னா மனுச் செய்திருந்தார். சாலை வாரியம் மறுத்துவிட்டது. நாளொன்றுக்கு இத்தனை பேர் கடந்தால்தான் விளக்கு என்பது விதி. வாகனங்களை எண்ணுவதில்லை; உள்ளே இருக்கும் தலைகளை எண்ணுவார்கள். மூன்று தலைகள் குறைந்தன.

"மூணு பேருக்கு நான் எங்க போவேன்? பெத்துப் போடற வயசா எனக்கு?" என்றார் வெர்னா.

சொல்லிவிட்டுக் காரின் பின்னிருக்கையை ஒருமுறை பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. புதிய மனுவில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தையும் கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

வேலைக்கு இரண்டு மாதம் பிடித்தது. பாகங்கள் எளிதில் கிடைக்கவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலைப் பீய்ச்சும் சிறு பம்ப் தேய்ந்திருந்தது, மாற்றினேன். பெடலை முழுவதும் மிதித்தாலும் கம்பி முழுவதும் இழுபடவில்லை, சரிசெய்தேன். பின் அச்சில் இழுவைக்கு ஏற்ற பல்சக்கரங்களைப் பொருத்தினேன். கடைசியாகக் கன்வெர்ட்டர்.

இந்தக் கார்களில் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றையொன்று நேராகத் தொடுவதில்லை. நடுவில் எண்ணெய் நிரம்பிய ஓர் உருண்டை உண்டு; அதுதான் கன்வெர்ட்டர். எஞ்சின் பக்கத்து இறக்கைகள் எண்ணெயை வீசும். அந்த எண்ணெய் எதிர்ப்பக்கத்து இறக்கைகளைத் தள்ளும். தொடாமலேயே தள்ளும் பொருள் அது. பழையது எஞ்சின் வலுப்பெறுமுன்பே பிடித்துக்கொண்டது. நான் போட்டது, எஞ்சினைச் சற்று உறும விட்டுப் பின்பு பிடிக்கும். பிரேக்கை அழுத்தியபடி முழு ஆக்சிலேட்டர் கொடுத்துச் சோதித்தேன். முன்பு நிமிடத்துக்கு 1600 சுற்றில் நின்ற முள் இப்போது 2300இல் நின்றது.

பட்டறை வாசலில் ஹோமர் ஓட்டிப் பார்த்தான். தொப்பி பறந்து பின்னிருக்கையில் விழுந்தது.

"மச்சான், இது அந்தம்மா வண்டியா, பீரங்கியா?"

அந்தக் காரைத்தான் நவம்பர் 18 அன்று மாலை 5.12க்கு வெர்னாவின் வீட்டுக்கு ஓட்டிச் சென்றேன். நான் மட்டும். பின்னிருக்கை காலி. ஹோமர் பிறகு வந்து என்னை அழைத்துச் செல்வதாக ஏற்பாடு.

5.25. கிராசிங்கில் நிறுத்தினேன். என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். ரயில் ஓசை இல்லை. முகப்பு விளக்கின் ஒளி கம்பத்தின் நடுவில் விழுந்திருந்தது. அங்கே ஒரு துருப்பிடித்த ஆணி. நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது கிறீச்சென்று ஓர் ஓசை... காரின் பின்பாதியைத் தாங்கும் வில்பட்டையிலிருந்து.

கார் பின்னால் சற்றே தாழ்ந்தது. யாரோ ஏறி உட்கார்ந்தால் தாழ்வதைப்போல.

விளக்கொளி ஆணியைவிட்டு மேலே நகர்ந்தது.

மீண்டும் கிறீச்... ஒளி வெள்ளைப் பலகைகளைத் தொட்டது.

மீண்டும் ஒருமுறை... ஒளி பலகைகளையும் தாண்டி மூடுபனிக்குள் போனது.

கதவு எதுவும் திறக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். இருக்கை காலியாக இருந்தது. ஆனால் அதன் மெத்தை மூன்று இடங்களில் குழிந்திருந்தது.

ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

எஞ்சின் உறுமியது. கார் ஊர்ந்தது. பட்டறை வாசலில் பாய்ந்த கார், இங்கே ஊர்ந்தது. முன் சக்கரங்கள் முதல் தண்டவாளத்தில் ஏறின. இரண்டாவதைத் தாண்டின. அத்துடன் நின்றன.

பெடல் தரையைத் தொட்டிருந்தது. எஞ்சின் முழுவலுவுடன் அலறியது. சூடேறிய எண்ணெயின் வாடை வந்தது. கார் கட்டிப்போட்டதுபோல நின்றது.

5.31.

வலப்புறம் வளைவுக்கு அப்பால் ஊதல் ஒலித்தது. நீளமாக இரண்டு. குட்டையாக ஒன்று. மூடுபனி வெளுக்கத் தொடங்கியது.

கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். அது அசையவில்லை.

அப்போது... என் முதுகில்.

இருக்கையின் பின்புறத்தை யாரோ முழங்காலால் உந்தினார்கள். சிறிய முழங்கால். கார் விரைந்து போக வேண்டுமென்று குழந்தைகள் உந்துவார்களே, அப்படி.

ஓர் உந்து.

இன்னொன்று.

மூன்று.

கார் பாய்ந்தது.

எனக்குப் பின்னால் ரயில் கடந்தது. எத்தனை பெட்டிகள் என்று தெரியாது. நான் திரும்பவில்லை.

வெர்னா தம் வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு துண்டு. முதலில் பின்னிருக்கையைப் பார்த்தார். அதற்குப் பின்புதான் என்னைப் பார்த்தார்.

"நின்னியா?"

"நிக்காம எப்படிங்க? ரயில் வந்தா?"

"அதான் தம்பி. நிக்காம போனா ரயிலு. நின்னா இதுங்க." கதவைத் திறந்து இருக்கையைத் துடைத்தார். மெத்தை மூன்று இடங்களில் ஈரமாக இருந்தது. துண்டில் கரித்தூள் ஒட்டியது. அந்தப் பாதையில் கரி எஞ்சின் ஓடி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. "ஏறறதுக்கு முன்னால கெளம்பிடணும்னுதான் பிக்கப் கேட்டேன்."

"யாரு இதுங்க?"

"கேட்டா சொல்லுமா? தெனம் ஏறும். என் வாசல் வந்தா எறங்கிக்கும். போன வாரம் வரைக்கும் ஒண்ணும் பண்ணல." துண்டை உதறினார். "இது உங்கிட்ட இருந்தப்ப இரவல் வண்டிலகூட ஏறுச்சு. இப்பல்லாம் தண்டவாளத்து மேலயே நிறுத்திப் பாக்குது."

"ஊருக்குள்ள வந்துடுங்க மிஸஸ் ப்ரூயிட். ஹோமர் வீட்டு மாடி காலியாத்தான் இருக்கு."

"விளக்கு வரட்டும். அது எரியலன்னா நிக்காமலே போயிடலாம். விளக்கு வந்தா அதுங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி."

விளக்கு வரவில்லை.

1987 ஜனவரி 6, செவ்வாய்க்கிழமை, மாலை 5.31. கார் தண்டவாளத்தின்மேல் நின்றிருந்ததாக ரயில் ஓட்டுநர் சொன்னார். அதன் எஞ்சின் அலறியது தம் ஊதலையும் மீறிக் கேட்டதாம். வெர்னாவை அவர் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

சிதைந்த காரைப் பட்டறைக்கு இழுத்து வந்தோம். என் வேலையில் பிழை இருந்ததா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கன்வெர்ட்டரைக் கடைசல் எந்திரத்தில் பிளந்தோம். இறக்கைகள் அனைத்தும் ஒழுங்காக இருந்தன. எண்ணெய் சிவப்பாக, தூய்மையாக இருந்தது. ரயில் மோதியது முன்பாதியில்; பின்பாதியில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் பின் வில்பட்டைகள் இரண்டும் வளைவின்றி முற்றிலும் நிமிர்ந்திருந்தன. ஹோமர் தார்ப்பாயை எடுத்துக் காரை மூடினான்.

பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை. பிற்பகல் 3.15. பனி கலந்த மழை. வாரியத்திலிருந்து ஒருவர் வந்தார். தோளில் பை, முகத்தில் புன்னகை.

"மனுவுல ரெண்டாவது கையெழுத்து உங்களதுதானே? முதல் கையெழுத்து போட்டவங்க வீட்ல ஆளே இல்ல. மூணு தடவ தட்டிட்டேன். சரி, நல்ல சேதி சார். விளக்கு, தடுப்பு ரெண்டும் குடுத்தாச்சு."

"எப்படி? மூணு பேர் குறையுதுன்னீங்களே?"

"அங்க யாரோ ரயில்ல அடிபட்டாங்கல்ல, அதனால மறுபடி எண்ணச் சொன்னாங்க. நானேதான் உக்காந்தேன். ஜனவரி பத்தொம்பதுலருந்து ஒரு வாரம். சரியா வந்துடுச்சு. ஒண்ணு கூடுதலும் இல்ல, ஒண்ணு கொறைச்சலும் இல்ல." பையைத் திறந்தார். "ஒரு நீலக் கார்தான் சார் காப்பாத்துச்சு. பழைய வண்டி. தெனம் அஞ்சரைக்கு வரும். ஒரு வயசான அம்மா ஓட்டுவாங்க. பின்னால மூணு பசங்க. நடுவுல இருக்கறது எனக்குக் கையாட்டும்."

ஹோமர் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"பழசுன்னாலும் என்னா பிக்கப் சார் அதுக்கு! நின்ன எடத்துலருந்து அம்பு மாதிரி போகுது. யாரோ நல்லா வேலை பாத்திருக்காங்க."

சன்னல் வழியே கொல்லையைப் பார்த்தேன். தார்ப்பாய் கட்டியது கட்டியபடியே இருந்தது. அதன் அடியில் அந்தக் கார், கியர்பெட்டி இல்லாமல், முன்பாதி இல்லாமல், ஜனவரி 7ஆம் தேதியிலிருந்து கிடந்தது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்கு தலைகள் குறையும்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார்," என்றார்.

போட்டேன். வாரியத் தலைவர் கையொப்பமிட்ட தீர்மானத்தை அவர் நீட்டினார். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.