பிறை தெரியாத சனிக்கிழமை

பக்கத்து வீட்டுப் பெண் வாரப் பத்திரிகைகளைப் படித்து முடித்ததும் என் வாசலில் வைத்துவிட்டுப் போவாள். போன வியாழக்கிழமை வைத்ததில் ஒரு டாக்டரின் கட்டுரை இருந்தது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்காவது போய்வந்தால் என்னென்ன நன்மை என்று எழுதியிருந்தார். நன்றாகப் பசிக்குமாம், தூக்கம் வருமாம், பெரியவர்களின் சிடுசிடுப்பு குறையுமாம், பிள்ளைகளுக்குப் பெற்றோரின் முகம் மனதில் நிற்குமாம். வெகுதூரம் போக வேண்டியதே இல்லையாம். நான் பென்சிலை எடுத்து ஓரத்தில் ‘சரி’ என்று போட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திய கை, அச்சடித்த எதைப் பார்த்தாலும் சும்மா இருக்காது. போட்ட பிறகுதான் யோசித்தேன், இதற்குச் சரி போட எனக்கு என்ன யோக்கியதை? நாங்கள் மூன்று பேரும் அப்படிப் போனது ஒரே ஒரு முறை. அதுவும் அரை மணி நேரம்.

அப்போது வாணியம்பாடியில் இருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். தேதி சொல்லாமல் ஒரு விஷயத்தை ஆரம்பிப்பது எனக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டது மாதிரி. என்ன செய்வது, அந்த வருடத்து நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. கிழமைகளை மட்டும் அதனால் தின்ன முடியவில்லை.

அப்பா ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடத்தை அந்தக் காலத்தில் நாங்கள் ஷாப்பு என்றுதான் சொல்வோம். ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகளில் தோலைப் புரட்டிப் போடுவது அவர் வேலை. முழங்கை வரை கறை ஏறி, கருப்பட்டி நிறத்தில் இருக்கும். அந்தப் பட்டைத் தண்ணீரின் வாடை, மூன்று நாள் ஆறிப்போன கஷாயம் போல, எங்கள் வீட்டுத் தலையணையில்கூட இருக்கும். முதலாளி முஸ்லிம். ஆகவே ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. அம்மாவோ மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். அவளுக்கும் அங்கேயே படித்த எனக்கும் சனி, ஞாயிறு லீவு.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். வெள்ளிக்கிழமை அப்பா ஒருவராகச் சமைத்து, ஒருவராகச் சாப்பிட்டு, விளக்குச் சிம்னிகளைத் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, நாங்கள் நாலரை மணிக்கு வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நானும் அம்மாவும் உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் அவர் இடத்தில் என் குடை இருக்கும். பெரிய வெள்ளிக்கிழமை ஒன்றுதான் மூவருக்கும் பொது. அன்று பகல் முழுக்கப் பட்டினியும் ஜெபமும். கிறிஸ்துமஸ் வாரத்தில் வீடு நிறைய உறவினர்கள். கோடை விடுமுறையில் வெள்ளிக்கிழமைகளே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தன. ஆனால் பள்ளி மூடிய மறுநாளே அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு, ஆரணியில் படுத்த படுக்கையாகக் கிடந்த தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவாள்.

அப்படித்தான் நான் நாள்காட்டிப் பைத்தியம் ஆனேன். ஷாப்பு மூடும் பண்டிகை எதுவாவது சனியிலோ ஞாயிறிலோ விழுகிறதா என்று தேடுவதே என் பொழுதுபோக்கு. பன்னிரண்டு வயதில், மளிகைக் கடையில் கொடுத்த நாள்காட்டியில் கண்டுபிடித்தேன். தை மாதக் கடைசியில் ரம்ஜான், ஞாயிற்றுக்கிழமை. சிவப்புப் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

அந்த வருடம் ஜூனில் என்னை வேலூருக்கு அனுப்பி, விடுதியில் தங்கிப் படிக்க வைப்பதாக முடிவாகியிருந்தது. அதன் பிறகு ஏது ஞாயிறு, ஏது வெள்ளி. அதற்குள் ஒரே ஒரு நாள், மூவரும். அப்பாவிடம் வட்டத்தைக் காட்டினேன். கறை ஏறிய விரலை அதன்மேல் வைத்தார்.

“ஆலங்காயம் போலாம். ஜட்கா பேசுறேன். மலையடிவாரம் முழுக்க இப்போ ஆவாரம்பூதான். ஒரே மஞ்சள். அந்தச் செடியோட நாத்தத்த மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டு வர்றேன். பூவையும் நீங்க பாக்கணும் இல்ல?”

“சர்ச்சுல பிள்ளைங்களுக்கு ஞாயிறு பாடம் யார் எடுக்கிறது?” என்றாள் அம்மா.

“கர்த்தர் ஒரு நாள் அவரே எடுத்துக்குவாரு, டீச்சரம்மா.”

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் பள்ளியின் வெள்ளைக்கார அம்மாவிடம் போய், வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக, ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி கேட்டு வாங்கி வந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தெருவே மேற்கே பார்த்து நின்றது. அப்பாவுக்கு மேஸ்திரியான காதர் பாய் வீட்டு மாடியில் நானும் ஏறி நின்றேன். வானத்தின் அடியில் ஒரு சாம்பல் மேகம் அசையாமல் கிடந்தது. எனக்குத் தெரிந்த ஜெபங்களை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன்.

“இன்னா பாப்பா, எங்களவிட உனக்குப் பிறை மேல ஜாஸ்தி அக்கறையா இருக்குதே?” என்றார் காதர் பாய்.

“நாளைக்கு ரம்ஜான்தானே மாமா? நாள்காட்டியில போட்டிருக்குது.”

“நாள்காட்டி போட்டவன் வானத்துல ஏறிப் பார்த்தானா?” அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “தெரியலம்மா. நாளைக்கும் நோன்புதான். பண்டிகை திங்கக்கிழமை.”

திங்கட்கிழமை! அப்பாவுக்கு லீவு, எங்களுக்குப் பள்ளி. வீட்டுக்கு ஓடிவந்து நாள்காட்டியைச் சிம்னி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ரம்ஜானுக்குக் கீழே பொடி எழுத்தில் ‘பிறை கண்டபடி’ என்று இருந்தது. என் சிவப்பு வட்டம் சரியாக அதன்மேல்தான் ஓடியிருந்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அப்பா போய் ஜட்காக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா புளியோதரைக்கு வறுத்து வைத்திருந்ததை மூடி வைத்தாள். திட்டியிருந்தால் அழுதிருப்பேன், தூங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அப்பா ஷாப்புக்குப் போய்விட்டார். பத்து மணிக்கு அம்மா திடீரென்று எழுந்து சோற்றைக் கிளறிக் கட்டினாள். “குடையை எடு” என்றாள். சர்ச் பக்கம் திரும்பாமல் பாலாற்றுப் பக்கம் நடந்தாள். ஷாப்பின் பின்வாசல் ஆற்றில்தான் திறக்கும். காதர் பாய் எங்களைப் பார்த்தார், தூக்குச்சட்டியைப் பார்த்தார். அவருக்கு நோன்பு, நாக்கு வறண்டிருந்தது குரலிலேயே தெரிந்தது.

“யோவ், உன் தோஸ்துங்க வந்திருக்காங்க. போய் உக்காந்து சாப்பிடு. தொட்டிய நான் பார்த்துக்கிறேன். மணி அடிச்சா வந்துடணும்.”

அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவின் தொட்டியில் இறங்கினார்.

ஷாப்புத் தண்ணீர் கலக்காத மேல்பக்கமாகப் போய் மணலில் உட்கார்ந்தோம். அப்பா கையாலேயே மணலைத் தோண்டினார். முழங்கை ஆழத்தில் தண்ணீர் ஊறியது. கலங்கல் அடங்கியதும் செம்பில் மொண்டு அம்மாவிடம் கொடுத்தார். மூவரும் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் நடுப்பகல் வெளிச்சத்தில் பார்த்தே பழக்கமில்லை என்று நினைக்கிறேன். பிறகு அப்பா மணலில் சற்று முன்னே நகர்ந்து உட்கார்ந்து, கடிவாளம் பிடிப்பது போலக் கையை வைத்துக்கொண்டார்.

“ஏறுங்க, ஏறுங்க. நேரமாச்சு. குதிரைக்கு வயசாயிட்டுது, மெதுவாத்தான் போவும்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். வகுப்பில் ஒரு பெண் பக்கத்தில் இருப்பவளிடம் கிசுகிசுத்தாலே பிரம்பைத் தட்டுகிறவள் அவள். புடவையை ஒதுக்கிக்கொண்டு அவர் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“பாலத்துல மெதுவா ஓட்டுங்க, சோறு சிந்துது” என்றாள்.

அப்படியே போனோம். அப்பா வழியில் இருக்கிற ஒவ்வொரு புளியமரத்தையும் சொன்னார். ஒரு மேட்டில் வண்டி ஏறவில்லை என்று என்னை இறங்கித் தள்ளச் சொன்னார், எழுந்து நின்று தள்ளினேன். சாப்பிட்டுக்கொண்டே போனோம். “நிம்மியம்பட்டு வந்தாச்சு. அதோ பாரு, மலை. இன்னும் கொஞ்ச தூரம்தான், மஞ்சள் தெரிய ஆரம்பிச்சிடும்” என்று அவர் கையை நீட்டியபோது ஷாப்பில் மணி அடித்தது.

அப்பா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்.

“மீதி அடுத்த ரம்ஜானுக்கு” என்றார்.

மறுநாள் நாங்கள் பள்ளியிலிருந்து வந்தபோது, காதர் பாய் வீட்டுச் சேமியாப் பாயசம் மூன்று டம்ளரில் ஊற்றி வைத்தபடி ஆடை கட்டிக் கிடந்தது. தன் பங்கைக்கூட அப்பா தொடாமல் காத்திருந்தார்.

அடுத்த ரம்ஜான் சனிக்கிழமை வந்தது. பிறையும் ஒழுங்காகத் தெரிந்ததாம். நான் வேலூர் விடுதியில் இருந்தேன். அப்பாவின் கடிதம் வந்தது, நாலே வரி. ‘எனக்கும் டீச்சரம்மாவுக்கும் லீவு. ஆலங்காயம் போகவில்லை. மூன்று பேராகப் போகலாம் என்று இருந்துவிட்டோம்.’

அதற்கு அடுத்த வருடம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. அடக்கத்தன்று ஷாப்பில் வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்தார்கள். அம்மாவின் பள்ளியில் லீவு கொடுத்தார்கள், எனக்கும் விடுதியில் அனுமதி கிடைத்தது. புதன்கிழமை.

அம்மாவும் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஆவாரம்பட்டைத் தொட்டிகளை மூடிவிட்டு இப்போது ஏதோ ரசாயனத்தில் தோலை ஊறவைக்கிறார்கள். அதன் நெடி வேறு, கண்ணைக் கரிக்கிறது. நாங்கள் உட்கார்ந்த இடத்தில் மணலே இல்லை, லாரி லாரியாக அள்ளிவிட்டார்கள். ஜட்காக்கள் நின்ற இடத்திலிருந்து ஆலங்காயத்துக்கு பஸ் போகிறது. எனக்கு எல்லா நாளும் லீவு. நாள்காட்டி பார்க்கத் தேவையே இல்லாத நாட்கள்.

கட்டுரையைப் படித்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடிக்குக் கிளம்பிப் போய் அந்த பஸ்ஸில் ஏறினேன். தை மாதம்தான். புளியமரங்களில் பாதிக்கு மேல் இல்லை. இருந்தவற்றை எண்ணிக்கொண்டே போனேன். நிம்மியம்பட்டில் எழுந்து இறங்கினேன்.

“இன்னா ஆயா, ஆலங்காயம்னுதானே டிக்கெட் வாங்கினீங்க? இன்னும் கொஞ்ச தூரம்தான்” என்றார் கண்டக்டர்.

“தெரியும்பா” என்றேன்.

எதிர்ப்பக்கம் போய், திரும்பும் பஸ்ஸுக்காக நின்றேன். அது வர நாற்பது நிமிஷம் ஆனது. மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.