பென்னாகரத்து மாந்தோப்பில் நான்கு சீமைப் பாட்டில்கள்

சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் காலை ஆறரை மணிக்குத் தர்மபுரி வண்டி ஏறினேன். டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். பக்கத்து இருக்கைக்காரர் எங்கே பயணம் என்று கேட்டார். ஒகேனக்கல், அருவி பார்க்க என்றேன். அது பச்சைப் பொய். என் தங்கை மகள் நித்யாவுக்கு வந்திருக்கும் வரன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துவரத்தான் நான் பென்னாகரம் போய்க்கொண்டிருந்தேன். பெண் கொடுப்பதற்கு முன்னால் தாய்மாமன் ஒரு நடை போய், சத்தம் போடாமல் நாலு பேரிடம் விசாரித்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடி பிறந்துவிட்டால் பேச்சு தள்ளிப்போகும் என்பதால் அவசரமும் இருந்தது.

விசாரிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பையன் குடிப்பானா? கடத்தூரில் இருக்கும் என் தங்கை மல்லிகாவின் கணவர் குடித்தே செத்தார். அப்போது நித்யா ஏழாம் வகுப்பு. அதற்குப் பிறகு மல்லிகா படிப்பு, நிலம், நிறம் என்று எதையும் பெரிதாக எண்ணியதில்லை. "குடிக்கிற வூட்ல மட்டும் எம் பொண்ணு போய் வாழக் கூடாதுண்ணா" என்பாள். தரகர் கொண்டுவந்த சக்திவேலோ, இங்கிலாந்தில் ஹெரஃபோர்ட்ஷயர் என்ற பகுதியில் ஒரு கிராமத்து மதுக்கடையில் வேலை பார்க்கிறான். தரகர் அதை 'ஓட்டல் மேனேஜர்' என்று சொல்லிவைத்திருந்தார். பையனே நித்யாவிடம் போனில், அது 'பப்' என்கிற மதுக்கடைதான் என்று உடைத்துச் சொல்லிவிட்டானாம். நித்யாவுக்கு அந்த நேர்மை பிடித்துப்போயிற்று. எனக்குச் சந்தேகம்தான் கூடியது. ஒன்றைத் தானாக வந்து சொல்கிறவன் இன்னொன்றை மறைக்கத்தான் சொல்வான் என்பது என் எண்ணம்.

தொப்பூர் கணவாயில் லாரிகள் ஊர்ந்ததால் தர்மபுரி சேர எட்டே கால் ஆகிவிட்டது. அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு பென்னாகரம் வண்டியில் ஏறினேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபத்தாறு ரூபாய். ஜன்னல் வழியே மாங்காய் லோடு ஏற்றும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பென்னாகரத்தில் இறங்கியதும் டீக்கடையில் விசாரணையைத் தொடங்கினேன். "சக்திவேலுங்களா? தங்கமான பையனுங்க" என்றார் கடைக்காரர். ஒகேனக்கல் சாலையில் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருந்த அவர்கள் தோட்டத்துக்கு நூற்றிருபது ரூபாய் பேசி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரரும் தங்கமான பையன் என்றார். இரண்டு பேர் ஒரே சொல்லைச் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஆனால் ஆட்டோக்காரர் அதோடு நிறுத்தவில்லை. "லீவுக்கு வரும்போது பெட்டியில நாலு சீமை பாட்டிலு கொண்டாந்திருக்காப்லீங்க. ஏர்போர்ட்டுல ரெண்டு லிட்டரு வரைக்கும் வுடுவாங்களாம்."

மாட்டினான் என்று நினைத்துக்கொண்டேன்.

நித்யாவின் தாய்மாமன், ஒகேனக்கல் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். சக்திவேல் ஓடி வந்து, "வாங்க மாமா" என்றான். கல்யாணப் பேச்சே முடியவில்லை, அதற்குள் மாமா! அவன் அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தார். நான் வழியிலேயே ஒரு திட்டம் போட்டிருந்தேன். குடிக்கிறவனைக் கண்டுபிடிக்க அவனோடு உட்கார்ந்து குடிப்பதைவிட நல்ல வழி கிடையாது. நானே வருஷத்துக்கு ஒரு கல்யாணத்தில் ஒரு பீர் குடித்தால் அதிகம். இருந்தாலும் பழகிய ஆள் மாதிரி, "சீமைச் சரக்கு இருக்குதாமே?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மீன் பொரிக்க உள்ளே போய்விட்டார்.

"இருக்குதுங்க மாமா. நான் என்ன வேலை செய்யறேன்னு அப்பாவுக்குக் காட்டலாம்னு கொண்டாந்தேன். மோந்துகூடப் பாக்க மாட்டேன்னுட்டாரு" என்றான் சக்திவேல்.

கிணற்றடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட நான்கு பாட்டில்கள் வந்தன. வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கும்போது தொட்டியில் எதற்கு? விருந்தாளிகள் கண்ணில் படாமல் ஒளித்ததா? கேட்டேவிட்டேன்.

"ஃபிரிட்ஜ்ல வெச்சா ருசி செத்துருங்க மாமா. அங்க பூமிக்கு அடியில ரூம்புல பீப்பாயை வெச்சிருப்போம். கெணத்துத் தண்ணி சில்லுப்புதான் கணக்கு."

மாமரத்தடியில் இரண்டு கண்ணாடிக் கிளாஸ் வைத்தான். முதல் இரண்டு பாட்டிலும் சைடர். ஆப்பிளில் செய்வது. கடித்தால் வாய் கோணிக்கொள்ளும் அளவுக்குத் துவர்க்கிற, தின்ன உதவாத ஆப்பிள்களை இதற்கென்றே அங்கே வளர்க்கிறார்களாம். பழங்கள் தானே விழும்வரை விட்டுப் பொறுக்கி, நசுக்கிப் பிழிந்து, மாதக்கணக்கில் புளிக்கவிடுவார்களாம். நான் சந்தேகத்தோடு ஒரு வாய் வைத்தேன். நாவற்பழம் தின்றதுபோல நாக்கு இழுத்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு மெல்லிய இனிப்பும், மழையில் நனைந்த பழத்தோட்டத்து வாசனையும் வந்தன. சொல்லிவிடுகிறேன், அவ்வளவு நன்றாக இருந்தது.

சக்திவேல் தன் கிளாஸில் இரண்டு விரல் உயரம் ஊற்றினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், முகர்ந்தான், ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டான். இந்த மாதிரி நடிப்பை மல்லிகாவின் கணவரிடமே நிறையப் பார்த்திருக்கிறேன். பெண் வீட்டார் முன்னால் எல்லோருமே ஒரு வாய்தான் குடிப்பார்கள். நான் குடித்தால் அவனும் கை நீட்டுவான் என்று என் கிளாஸை நிரப்பிக்கொண்டேன். ஒரு பாட்டில் காலி. அடுத்ததும் காலி. அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்து ஏல் என்கிற பீர். தேன் நிறம், நுரை கம்மி. பாட்டிலை மெதுவாகச் சாய்த்து ஊற்றி, கடைசிக் கொஞ்சத்தை விட்டுவிட்டான். அடியில் மண்டி நின்றது. கலங்கல் சரக்கு என்றால் எங்கள் பக்கம் கள்ளச்சாராயமும் ஆஸ்பத்திரியும்தான் ஞாபகம் வரும். கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

"அது ஈஸ்ட்டுங்க மாமா. உசிரோட இருக்கற பீரு. பாட்டிலுக்குள்ளயே இன்னும் புளிச்சிக்கிட்டு இருக்கும். பீப்பாயைத் தொறந்தா மூணு நாலு நாள்ல வித்தாகணும், இல்லன்னா கெட்டுரும். தெனம் காலையில ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய் எடுத்துப் பாக்கறதுதான் என் வேலை."

"காலையிலயேவா?"

"பாத்துட்டுத் துப்பிருவேங்க. கடை சாத்துனதும் சமையக்கட்டுல டீ போட்டுக் குடிப்பேன்."

நம்புவேனா? ஏலையும் ஒரு கை பார்த்தேன். வறுத்த தானிய வாசனை, கடைசியில் ஒரு கசப்பு, வயிற்றில் இதமான சூடு. இந்தக் கசப்புக்குப் பொரித்த ஆற்று மீனைவிடப் பொருத்தமானது உலகத்தில் இல்லை என்று உரக்கச் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான்காவது பாட்டிலில் பாதி போனபோதும் அவன் முதலில் ஊற்றிய சைடர் கிளாஸிலேயே இருந்தது. எழுந்தபோது மாமரம் லேசாக நகர்ந்தது. சக்திவேல்தான் என்னைப் பைக்கில் உட்காரவைத்து, மெதுவாக ஓட்டிப்போய் பென்னாகரத்தில் பஸ் ஏற்றிவிட்டான்.

பையன் குடிப்பவனில்லை என்று ஒருவழியாக முடிவுக்கு வந்தபோது தர்மபுரியில் இறங்கியிருந்தேன். சாயங்காலம் நாலு மணி. மல்லிகாவின் போன் வந்தது.

"அண்ணா, அங்க போய் என்ன பண்ணி வெச்சிருக்க? மாப்பிள்ளையோட அம்மா பேசினாங்க. வந்ததும் வராததுமா பாட்டிலக் கேட்டாராம், மூணரை பாட்டில ஒரே ஆளா குடிச்சாராம். எங்க வூட்ல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லீங்க, பொண்ணோட அப்பாவும் அதுலதான் போனாருன்னு கேள்விப்பட்டோம், பயமா இருக்குதுங்கன்னு சொல்றாங்க. சேலத்துல உன் தெருவுல விசாரிச்சிட்டுத்தான் பதில் சொல்வாங்களாம்."

போதை மொத்தமும் இறங்கிவிட்டது. நித்யாவின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன். இப்போதே திரும்பிப் போய், பையனைச் சோதிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று அவர்கள் காலில் விழுகிறேன் என்றேன்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"போகாதண்ணா. அவங்க நல்லா விசாரிக்கட்டும்" என்றாள் மல்லிகா. "குடிக்கு இப்படி நடுங்கற வூட்டத்தான் நான் இத்தன வருசமா தேடிக்கிட்டு இருந்தேன்."